லோடு ஏற்றும் முன் லாரியின் ஆவணங்களைச் சரிபார்ப்பது எப்படி?

விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம். பூச்சிமருந்து வாங்கும்போது காலாவதி தேதியைப் பார்க்கிறோம். ஆனால் மூன்று நான்கு மாதம் பாடுபட்டு எடுத்த விளைச்சல் முழுவதையும் ஏற்றி அனுப்பும் லாரியைப் பற்றி, வாடகை எவ்வளவு, எத்தனை மணிக்கு வரும் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அறுவடைக்குப் பின்சார் மேலாண்மைப் பயிற்சி ஒன்றுக்கு வந்திருந்த சின்ன வெங்காய விவசாயி ஒருவர், மதிய உணவு இடைவேளையில் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தேசிய நெடுஞ்சாலை ஓரம் கவிழ்ந்து கிடக்கும் லாரி. சுற்றிலும் சிதறிய வெங்காயம். 50 கிலோ மூட்டை 120. அன்றைய விலையில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். புரோக்கர் ஒருவர் பிடித்துக் கொடுத்த வண்டி. விபத்துக்குப் பிறகு லாரி உரிமையாளர், "இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், சரக்குக்கு இல்லை" என்றார். புரோக்கர், "நான் நடுவில் இருந்தவன், எனக்குப் பொறுப்பு இல்லை" என்றார். விவசாயியின் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டும் ஒரு செல்போன் எண்ணும் மட்டுமே. லாரி ரசீது இல்லை.

அந்தப் படத்தில் வண்டி எண் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம். லோடு ஏற்றிய நாளுக்கு நான்கு மாதம் முன்பே வண்டியின் தகுதிச் சான்று காலாவதியாகி இருந்தது. "இதை ஏற்றும் முன்னாடியே பார்த்திருக்கலாமா சார்?" என்று கேட்டார். பார்த்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியதில்லை, யாரையும் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

லாரியை, ஓட்டுநரை, லாரி ஆபீஸை எப்படிச் சரிபார்ப்பது, எந்தக் குறை இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், எந்தத் தாள் கையில் இருந்தால் இழப்பைக் கேட்டு வாங்க முடியும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு பதிவுகள் உண்டு

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது வண்டியின் பதிவு மட்டும்தான். அதாவது ஆர்.சி. புத்தகம். இது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி.

இரண்டாவது பதிவு, சரக்கை ஏற்றுக்கொள்ளும் தொழிலைச் செய்பவருக்கு. 2007-ஆம் ஆண்டு சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1865-இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. எல்லோரிடமும் வாடகைக்குச் சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர் இதன்படி பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். சான்று பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். லாரி புக்கிங் ஆபீஸ், ஒப்பந்ததாரர், ஏஜென்ட், புரோக்கர் ஆகியோரும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள். எனவே, "நான் வெறும் புரோக்கர்" என்று ஒருவர் எளிதாக ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அவர் மூலம் சரக்கு போனது என்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்க வேண்டும்.

வண்டியின் பதிவு, அது சாலையில் ஓடத் தகுதியானதா என்பதைச் சொல்கிறது. சரக்குக்கு யார் பொறுப்பு என்பது தொழில் செய்பவரின் பதிவில்தான் இருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள்

வண்டி களத்துக்கு வந்ததும் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இருக்கும். மின்சார வண்டியாக இருந்தால் பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பின்னணி என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதே என்று வெள்ளை பிளேட் வண்டியில் ஏற்றினால், வழியில் பிடிபடலாம்; விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுப்பதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதில் அசோகச் சக்கர ஹாலோகிராம் இருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பதிவு எண், என்ஜின் எண், சேஸிஸ் எண் ஆகியவை இருக்கும்.

வேறொரு நல்ல வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டு ஓடும் வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் செயலி காட்டும் விவரம் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது இன்னொரு வண்டியின் விவரம். இதைக் கண்டுபிடிக்க, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். எங்கே பொறித்திருக்கிறது என்று ஓட்டுநரைக் கேட்டாலே காட்டுவார். காட்டத் தயங்கினால் யோசிக்க வேண்டும்.

நம் ஊர் லாரியாக இருந்தும் என்.எல். என்று நாகாலாந்து எண்ணில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரி, பர்மிட் செலவுக்காகப் பல உரிமையாளர்கள் அங்கே பதிவு செய்கிறார்கள். வெளிமாநில எண் என்பதற்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். மற்ற ஆவணங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செயலியில் என்ன பார்க்க வேண்டும்?

மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழையலாம். வண்டி எண்ணைப் பதிந்தால் விவரம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். முழுப் பெயரை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளலாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ ஓட்டுநர் காட்டும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். படத்தில் தேதியைத் திருத்துவது பெரிய வேலை இல்லை.

செயலியில் கவனிக்க வேண்டியவை:

பதிவு நிலை: பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகவோ முடக்கப்பட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் வகை சரக்கு வாகனம் என்று இருக்க வேண்டும்.

தகுதிச் சான்று: நாம் எஃப்.சி. என்று சொல்வது. புதிய சரக்கு வாகனத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தனியாக வாங்க வேண்டியதில்லை. அதன் பிறகு, எட்டு ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவை சோதிக்கப்பட்டதற்கு இதுதான் அத்தாட்சி. தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், செல்லுபடியாகும் பதிவு இல்லாத வாகனம் என்றே சட்டம் கருதுகிறது. அதை நிறுத்திப் பிடித்து வைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. சிமென்ட் லோடு என்றால் இரண்டு நாள் நிற்கும். தக்காளி லோடு நிற்குமா?

காப்பீடு: எந்தத் தேதி வரை என்று பாருங்கள். நேற்றுதான் புதுப்பித்தேன் என்றால் செயலியில் ஏறத் தாமதமாகலாம். பாலிசி நகலைக் கேளுங்கள்.

புகைச் சான்று: பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டும், பழைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும்.

பர்மிட்: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனங்களுக்கு, அதாவது குட்டி யானை போன்ற வண்டிகளுக்கு, பர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் தேவை. கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போகும் லோடாக இருந்தால், நேஷனல் பர்மிட்டா, அந்த ஆண்டுக்கான கட்டணம் கட்டி அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று பர்மிட் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

அபராதம்: இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் பதிந்தால் கட்டாமல் கிடக்கும் அபராதங்கள் தெரியும். நாடு முழுவதும் ஓடும் லாரிக்கு ஒன்றிரண்டு இருப்பது சகஜம். ஓவர்லோடு, அதிவேகம், போதையில் ஓட்டியது என்று வரிசையாக இருந்தால், அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதை அது சொல்லிவிடும்.

எதற்குத் திருப்பி அனுப்புவது?

சீசன் நேரத்தில் வண்டி கிடைப்பதே அபூர்வம், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று பயிற்சிகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லாக் குறையும் ஒரே அளவு இல்லை. புகைச் சான்று முடிந்திருந்தால் வழியிலேயே ஒரு மையத்தில் எடுத்துவிடலாம். சில சலான்கள் பாக்கி இருந்தால் பேசிக்கொள்ளலாம். ஆனால் தகுதிச் சான்று இல்லை, காப்பீடு இல்லை, தேவையான பர்மிட் இல்லை, சேஸிஸ் எண் ஒத்துப்போகவில்லை, வாடகை லோடுக்கு வெள்ளை பிளேட் என்ற ஐந்தில் ஒன்று இருந்தாலும் ஏற்ற வேண்டாம். ஒரு நாள் தாமதத்தில் விலை கொஞ்சம் குறையலாம். லோடு கவிழ்ந்தால் முதலே போய்விடும்.

இதற்கு எளிய வழி, முன்னதாகவே கேட்பது. வண்டி பேசும்போதே எண்ணை வாங்கிவிடுங்கள். முந்தின நாள் மாலை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் களத்தில் வாக்குவாதம் இருக்காது. எண்ணைக் கேட்டால், "எந்த வண்டி வரும் என்று காலையில்தான் தெரியும்" என்பார்கள். சரி, காலையில் வண்டி கிளம்பும்போது சொல்லச் சொல்லுங்கள். சொன்ன எண் வேறு, வந்து நிற்கும் வண்டி வேறு என்றால் மறுபடியும் பாருங்கள்.

எடைக் கணக்கு

ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய சரக்கு. மொத்த எடை 11,000 கிலோ, காலி எடை 4,500 கிலோ என்றால் 6,500 கிலோ ஏற்றலாம். 50 கிலோ மூட்டையில் 130. "160 மூட்டை தாராளமாக ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் ஒன்றரை டன் அதிகம்.

ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிக எடையை இறக்கினால்தான் வண்டி நகரலாம். சாலையோரத்தில் இறக்கிய முப்பது மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? ஓவர்லோடு வண்டிக்கு பிரேக் பிடிக்க அதிக தூரம் தேவை, வளைவில் கவிழும் ஆபத்தும் கூடுதல். மூட்டைக்குப் பத்து இருபது ரூபாய் வாடகை மிச்சம் பிடிப்பதற்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

எடை மேடைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஏற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

டயரில் பள்ளம் தெரிய வேண்டும். லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. வழுக்கையாக இருந்தால் மழையில் பிடிக்காது. பின்பக்க விளக்கு எரிகிறதா, ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருக்கிறதா, தார்ப்பாய் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன் என்ன லோடு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். உரம், பூச்சிமருந்து, சிமென்ட், மீன் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் காய்கறி ஏற்றக் கூடாது.

ஓட்டுநர்

ஓட்டுநர் உரிமத்தையும் செயலியில் பார்க்கலாம். கனரக வாகனத்துக்கு அதற்குரிய உரிமம் இருக்க வேண்டும். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். சிறிய வண்டிகளைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி பேட்ஜ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

உரிமத்தைவிட முக்கியமான ஒரு கேள்வி: "கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" முந்தின இரவு முழுவதும் ஓட்டி வந்து, பகலில் லோடு ஏற்றிவிட்டு, மறுபடியும் இரவு கிளம்பும் ஓட்டுநர்கள் பலர். காலை மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாம் அவசரப்படுத்துவதும் இதற்கு ஒரு காரணம். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வு என்பது முன்பிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வெளிமாநில லோடுக்கு இரண்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். லோடு ஏற்றும் நேரத்தில் அவர் தூங்க ஒரு கட்டில் போட்டுக் கொடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

லாரி ஆபீஸைச் சரிபார்ப்பது

நேரில் போக முடிந்தால் போய்ப் பாருங்கள். சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். பெயர், முகவரி, காலாவதி தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ரசீதில் ஜி.எஸ்.டி. எண் அச்சிட்டிருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்தப் பதினைந்து இலக்க எண்ணைத் தேடலாம். யார் பெயரில் இருக்கிறது, எப்போது பதிவானது, நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பதெல்லாம் உள்ளே நுழையாமலேயே தெரியும். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ரசீதில் உள்ள பெயரும் தளத்தில் வரும் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். சிறிய லாரி ஆபீஸ்கள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாமலும் இருக்கலாம். எண் இல்லை என்பதால் மட்டும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். பொய்யான எண் இருந்தால் உடனே விலகிவிடுங்கள்.

செல்போனில் மட்டும் பேசும் புரோக்கரிடம் கூடுதல் கவனம் தேவை. வழக்கத்தைவிட மிகக் குறைந்த வாடகை சொல்வார். வண்டி கிளம்பிவிட்டது, டீசலுக்கு அட்வான்ஸ் போடுங்கள் என்பார். பணம் போனதும் போன் அணைந்துவிடும். வண்டி களத்துக்கு வந்து, ஆவணம் பார்த்து, லோடு ஏற்றிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பணத்தை லாரி ஆபீஸ் பெயரிலோ ஆர்.சி. உரிமையாளர் பெயரிலோ உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். மூன்றாவது ஆள் ஒருவரின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

லாரி ரசீதில் இருக்க வேண்டியவை

வெங்காய விவசாயியிடம் இல்லாமல் போனது இதுதான். எல்.ஆர். அல்லது பில்டி என்று சொல்லும் லாரி ரசீது இல்லாமல் ஒரு மூட்டைகூட களத்தைவிட்டுப் போகக் கூடாது. சட்டப்படி, சரக்கு அனுப்புபவர் ஓர் அனுப்புகைக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் சரக்கின் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அதைப் பெற்று லாரி ஆபீஸ் ரசீது கொடுக்க வேண்டும்.

அனுப்புபவர், பெறுபவர் பெயர், வண்டி எண், மூட்டை எண்ணிக்கை, எடை, சரக்கின் பெயர், மதிப்பு, வாடகை, தேதி, நேரம் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை மணிக்குள் மண்டியில் சேர்க்க வேண்டும் என்பதையும் அனுப்புகைக் குறிப்பில் எழுதுங்கள். காய்கறிக்கு நேரம்தான் விலை. ஒப்புக்கொண்ட நேரம் எழுத்தில் இல்லை என்றால் தாமதத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை.

இழப்பு ஏற்பட்டால் எவ்வளவு கிடைக்கும்? வாடகையைப் போல் பத்து மடங்கு வரை என்பது விதி. அதுவும் அனுப்புகைக் குறிப்பில் நீங்கள் காட்டிய மதிப்பைத் தாண்டாது. வாடகை 12,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 1,20,000 ரூபாய். மூன்று லட்சம் ரூபாய் வெங்காயத்துக்கு அதிகபட்சம் அவ்வளவுதான். முழு மதிப்புக்கும் பொறுப்பு வேண்டும் என்றால், கூடுதல் கட்டணம் செலுத்தி அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். லாரி ஆபீஸின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமான அம்சம். சரக்கு ஒப்படைத்ததும் அது சேதமானதும் தெரிந்தால் போதும். இயற்கைச் சீற்றம், கலவரம், அரசு உத்தரவு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

சரக்குக்குத் தனிக் காப்பீடு

லாரிக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, சாலையில் அடிபடும் பிறருக்கும் பிறர் சொத்துக்கும் உரியது. லாரிக்குள் இருக்கும் உங்கள் சரக்குக்கு அதில் பணம் வராது. லாரி உரிமையாளர் அன்று சொன்னது உண்மைதான்.

மதிப்பு அதிகமுள்ள லோடுக்கு உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்கலாம். இதில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. சி வகை தீ, மின்னல் தாக்குதலுக்கு மட்டும். பி வகையில் மோதல், வண்டி கவிழ்தல் ஆகியவையும் சேரும். ஏ வகை விரிவானது. விலக்குகள் நீங்கலாக எல்லா ஆபத்துக்கும் உரியது. தாமதத்தால் அழுகுவதும், விளைபொருளின் இயல்பால் கெடுவதும் பொதுவாக இதில் சேராது. எனவே பாலிசி எடுக்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

லோடு மேல் யாரும் உட்கார வேண்டாம்

லோடுடன் மண்டிக்குப் போகும் வழக்கம் நம்மிடம் அதிகம். சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் போவதற்குச் சட்டம் 1994 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டில் இடம் தருகிறது. ஆனால் அவர் கேபினில் உட்கார்ந்து போக வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்து போய் விழுந்தால், குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைப்பது கேள்விக்குறி. போகிற வழியில் ஏறிக்கொள்ளும் உறவினர், பக்கத்து ஊர்க்காரர் யாருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வெங்காயம் போனால் அடுத்த பட்டத்தில் எடுக்கலாம். மேலே உட்காரும் பையனை யாரும் திருப்பித் தர முடியாது.

இழப்பு நேர்ந்துவிட்டால்

முதலில் உயிர். 108 ஆம்புலன்ஸ், தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033. பிறகு வண்டி, சரக்கு, நம்பர் பிளேட், இடம் தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். மண்டியில் சேதமாக இறங்கினால், ரசீதின் பின்புறத்தில் எத்தனை மூட்டை சேதம் என்று எழுதி ஓட்டுநரின் கையெழுத்தை வாங்குங்கள். காவல் நிலையப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, லாரி ஆபீஸுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ். இதைச் சரக்கு பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வழக்குப் போடும் உரிமையே போய்விடும். "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கெடு தெரியும். பேச்சு நடக்கட்டும், நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். தானே உழைத்துப் பிழைப்பு நடத்தும் விவசாயி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். வழிகாட்டலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

குழுவாகச் செய்தால் எளிது

ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் பார்ப்பது சிரமம்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊர் விவசாயிகள் குழுவோ ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். வண்டி எண், உரிமையாளர், தகுதிச் சான்று, காப்பீடு, பர்மிட் காலாவதி தேதிகள், ஓட்டுநர் பெயர், எடை குறைந்ததா, நேரத்துக்குப் போனதா என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டு சீசனில் நம்பகமான பத்து வண்டிகளின் பட்டியல் கையில் இருக்கும். செல்போன் பழக்கமுள்ள இளைஞர் ஒருவரிடம் செயலியில் சரிபார்க்கும் வேலையை ஒப்படைக்கலாம். ஆவணங்களைச் சரியாக வைத்திருக்கும் லாரி உரிமையாளர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் அவர்களுக்கே லோடு கொடுத்தால், மற்றவர்களும் எஃப்.சி. எடுக்கத் தொடங்குவார்கள்.

கைப்பேசியில் சேமித்து வைக்க

1. முந்தின நாளே வண்டி எண்ணை வாங்கி எம்பரிவாகனில் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு பார்க்கவும்.
2. மஞ்சள் பிளேட், சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்து ஒப்பிடவும்.
3. 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு பர்மிட் பார்க்கவும்.
4. மொத்த எடையில் காலி எடையைக் கழித்து, அதற்குள் மட்டும் ஏற்றவும். எடைச் சீட்டு வாங்கவும்.
5. ஓட்டுநர் உரிமம் பார்க்கவும். தூங்கினாரா என்று கேட்கவும்.
6. லாரி ஆபீஸின் பதிவுச் சான்று நகல் வாங்கவும்.
7. லோடு ஏற்றிய பிறகே அட்வான்ஸ்.
8. மதிப்பும் சேர வேண்டிய நேரமும் எழுதிய லாரி ரசீது வாங்காமல் வண்டியை விட வேண்டாம்.
9. லோடுடன் போகிறவர் கேபினில் மட்டும்.
10. இழப்பு என்றால் 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ்.